உண்ணிக்கு வேலி இல்லை

தமிழில் ‘உண்ணி’, கன்னடத்தில் ‘உணுகு’. குருதி உண்ணும் அச்சிற்றுயிருக்கு இரு மொழிகளும் நெருங்கிய பெயர்களையே வைத்திருக்கின்றன. ஆனால் அது பரப்பும் நோயை மலெநாட்டு மக்கள் ‘மங்கன காயிலெ’, அதாவது குரங்கு நோய், என்றனர். 1957இல் சிவமொக்கா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் குரங்குகள் மடிந்து விழுந்தது கண்ணுக்குத் தெரிந்தது. எள்ளினும் சிறிய இளம் உண்ணி தெரியவில்லை.

கண்ணுக்குத் தெரிந்ததைச் சுற்றியே கட்டுப்பாடும் அமைந்தது. குரங்கு இறந்த இடத்தைச் சுற்றி மாலத்தியான் தூள் தூவுகிறார்கள். அவ்விடத்துக்கு அது பயன் தரும். காடு முழுவதும் தூவுவதற்கோ பணமும் போதாது, பிற உயிர்களும் தாங்கா. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். குடியிருப்பைச் சுற்றி மருந்தடித்தாலும், காட்டில் மேய்ந்த மாடும் தொழுவத்தில் பரப்பிய சருகும் உண்ணியைத் திரும்பக் கொண்டுவந்துவிடும்.

எஞ்சுவது மனித உடலைக் காப்பது. விடியலில் சருகு அள்ளப் போகும் ஒரு கூலிப் பெண்ணை எண்ணிப் பார்க்கலாம். சுகாதாரப் பணியாளர் தந்த விரட்டி எண்ணெயைக் கைகால்களில் பூசிக்கொள்கிறாள். சில மணி நேரத்தில் அதன் வலிமை குறையும்; மீண்டும் பூச வேண்டும். வீடு திரும்பியதும் வெந்நீரில் குளித்து, உடைகளை ஊறவைத்து, பிள்ளைகளின் உடலிலும் உண்ணி தேட வேண்டும். டிசம்பர் முதல் மே வரை நாள்தோறும் இதே வேலை. எண்ணெய்க்கு அவள் காசு கொடுப்பதில்லை. நேரத்தையும் உழைப்பையும் கொடுக்கிறாள். இந்த உழைப்பு எந்தச் செலவுக் கணக்கிலும் ஏறுவதில்லை.

“காட்டுக்குப் போகாதீர்கள்” என்பது சொல்வதற்கு மலிவான அறிவுரை. சருகு உதிரும் பருவமும் நோய்ப் பருவமும் ஒன்றே. போகாவிட்டால் கூலியும் இல்லை, தொழுவத்துக்குச் சருகும் இல்லை. போய்க் காய்ச்சலில் விழுந்தாலோ, வாரக்கணக்கில் படுக்கை. நோயுற்ற நூறு பேரில் மூவர் முதல் ஐவர் வரை இறக்கின்றனர். நோயைக் கொல்லும் தனி மருந்து இல்லை. பல தவணைகளாகப் போட்டுவந்த பழைய தடுப்பூசியும் போதிய பயன் தராததால் 2022இல் நிறுத்தப்பட்டது.

ஆகவே உண்ணிக் கட்டுப்பாட்டின் செலவை மருந்தின் விலையால் மட்டும் அளக்கலாகாது. டிசம்பருக்கு முன்பே தொழுவத்துக்கு மாற்றுப் படுகையும், காட்டுக்குப் போகாத நாள்களுக்குக் கூலியும் கிடைக்குமானால், அந்த அறிவுரையை அவளால் ஏற்க முடியும். அதுவரை, அறிவுரை கேட்ட மறுநாள் காலையிலும் அவள் கூடையை எடுத்துக்கொண்டு காட்டுக்குத்தான் போவாள்.