கோடும் சொல்லும்

ஒத்தக்கடை வழியாக மேலூருக்குப் பத்து வருஷம் பஸ்ஸில் போய் வந்திருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே யானைமலை. அதைப் பற்றி ஒரு கவிதை எழுதி, அச்சிலும் வந்தது. மலையை இன்னொரு முறை யானை என்று சொன்னதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. படிமம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மனோகர் தேவதாஸின் கறுப்பு மைச் சித்திரங்களைப் பார்த்த பிறகுதான் அது வெறும் பெயர் என்று பட்டது.

தேவதாஸ் 1936இல் மதுரையில் பிறந்தவர். விழித்திரை நோயில் பார்வை வருஷத்துக்கு வருஷம் குறுகிக்கொண்டே வர, தன் ஊரை வரைந்துகொண்டிருந்தார். 'மல்டிபிள் ஃபேசட்ஸ் ஆஃப் மை மதுரை' 2007இல் வெளிவந்தது. வண்ணம் இல்லை. நிழல் வேண்டுமென்றால் கோடுகளை நெருக்க வேண்டும். வெளிச்சம் வேண்டுமென்றால் காகிதத்தை அப்படியே விட வேண்டும். எங்கே விடுவது என்று முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். மையை அழிக்க முடியாது.

ஒப்புக்குப் போட்ட கோடு ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. என் கவிதையில் ஒப்புக்குப் போட்ட சொற்கள் ஏழு. எண்ணிப் பார்த்தேன்.

ஓவியம் கவிதைக்கு உந்துதல் என்பார்கள். எனக்குக் கிடைத்தது கூச்சம். பார்வை போய்க்கொண்டிருந்தவர் பார்த்ததை, இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிற நான் பார்க்கவில்லை.

2022 டிசம்பரில் அவர் மறைந்தார். அந்த வாரம் ஒத்தக்கடையில் இறங்கி, இருட்டும்வரை மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாறையில் மழைநீர் வழிந்த கறுப்புத் தடங்கள். பத்து வருஷத்தில் ஒருநாளும் கண்ணில் பட்டதில்லை. அதை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டேன். கவிதை இன்னும் வரவில்லை. யானையும் வரவில்லை.