மூணு நாள் பட்டினி

"அப்பா, மீனு தலைகீழா மெதக்குது!"

மகள் அலறியதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. போன வருஷம் இதே தொட்டியில் ஒரு தங்கமீன் உப்பி, செதிலெல்லாம் பலாக்காய் முள் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. 'ஆஹா, நம்ம வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கிச்சு' என்று கூடவே இரண்டு சிட்டிகை தீனி போட்டேன். மூன்றாம் நாள் முருங்கை மரத்தடியில் அடக்கம். சிறுநீரகம் கெட்டு உடம்பில் நீர் கோத்தால் செதில் அப்படித்தான் நிற்குமாம். அந்தக் கட்டத்தில் பிழைப்பது அபூர்வமாம். மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

குண்டடத்தில் எருமைக்கு வைத்தியம் பார்க்கலாம். மீனை நாக்கை நீட்டச் சொல்ல முடியுமா? வெளியே பார்த்துத்தான் உள்ளே நடப்பதை ஊகிக்க வேண்டும். இந்தத் தடவை செதில் படிந்தே இருந்தது; வயிறுதான் உப்பல். சென்னை கொளத்தூரிலிருந்து மீன் தருவித்து விற்கும் திருப்பூர் கடைக்காரருக்கு போன் போட்டேன்.

"எத்தனை வேளை தீனி போடறீங்க?"

"காலைல நானு, மத்தியானம் சம்சாரம், சாயங்காலம் பாப்பா..."

"அஜீரணமுங்க! வயிறு உப்பி காத்துப்பையை அமுக்குனா மீன் பொரண்டுக்கும். கால்வாசித் தண்ணிய மாத்திட்டு, மூணு நாள் பட்டினி போடுங்க. அப்புறம் வெந்த பச்சைப் பட்டாணிய தோலுரிச்சு, நசுக்கி, துளியூண்டு குடுங்க."

மூன்று நாளும் மகள் என்னைக் கொலைகாரனைப் போல முறைத்தாள். நாலாம் நாள் பட்டாணி. ஐந்தாம் நாள் மீன் நேராக நீந்தியது.

இப்போது தீனி டப்பா மகள் பொறுப்பில். இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கிற அளவுதான். நேற்று நான் ஐந்தாவது தோசைக்குத் தட்டை நீட்டினேன். என் வயிற்றை உற்றுப் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தாள்:

"அம்மா, அப்பாவுக்குப் பட்டாணி வேக வையி!"