வெட்டிய துடுப்பு, வெட்டாத துடுப்பு

"கடையில சால்மனை ஐஸ் மேல மலை மாதிரி அடுக்கி வச்சிருக்கான். நியூஸ்ல பார்த்தா அழியுற நிலைமையில இருக்குங்கறான். இதுல எது சார் நிஜம்?"

பீவர்ட்டனில் மகன் வீட்டோடு இருக்கும் நண்பர் ஒருவர் போனில் இப்படிக் கேட்டார். ரெண்டும் நிஜம்தான் என்றேன். போனில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். நம்மில் பலருக்குக் கொலம்பியா ஆறு என்றால் காரில் கடக்கும் பாலம், அவ்வளவுதான். பாலத்துக்கு அடியில் நூற்றைம்பது வருஷமாக ஒரு பங்காளிச் சண்டை நடக்கிறது. அது என்னவென்று பார்க்க வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு நேரமில்லை. நமக்கு இருக்கிறது.

முதலில் கடை விஷயம். ஐஸ் மேல் கிடப்பதில் பெரும்பகுதி பண்ணையில் தீனி போட்டு வளர்த்த அட்லாண்டிக் சால்மன், இல்லாவிட்டால் அலாஸ்காவிலிருந்து வருவது. நம் ஆற்று மீன் அதில் கொஞ்சம்தான். (ஊரில் 'இந்தியன் சால்மன்' என்று விற்கும் காலா மீனுக்கும் இதற்கும் எந்த உறவும் கிடையாது. குழம்புக்குக் காலாதான் ருசி என்பது என் கட்சி.)

நான் கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் இருந்தவன். நாகப்பட்டினம் பக்கம் மீனவர் சங்கக் கணக்குகளைச் சில வருஷங்கள் பார்த்திருக்கிறேன். எனக்கு மீன் பிடிக்கத் தெரியாது. மீன் கணக்குப் பார்க்கத் தெரியும். அதனாலோ என்னவோ, இந்த ஊர்க் கணக்கைப் படிக்க ஆரம்பித்ததும் விட முடியவில்லை.

வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்னால் வருஷத்துக்கு ஒரு கோடி முதல் ஒரு கோடியே அறுபது லட்சம் வரை சால்மனும் ஸ்டீல்ஹெட்டும் கடலிலிருந்து இந்த ஆற்றில் ஏறின என்று மதிப்பிடுகிறார்கள். 1866-ல் முதல் டப்பா மீன் ஆலை வந்தது. 1883-ல் நாலு கோடி பவுண்டுக்கு மேல் சினூக் பிடித்து டப்பாவில் அடைத்தார்கள். ஆக, அணை கட்டுவதற்கு முன்பே வலை தன் வேலையைக் காட்டிவிட்டது. அதை மறைக்க வேண்டியதில்லை. அப்புறம் அணைகள். பானவில் 1938-ல் ஓடத் தொடங்கியது. அதில் மீன் ஏறிப் போக ஏணி வைத்தார்கள். 1942-ல் முடிந்த கிராண்ட் கூலியில் அதுவும் இல்லை. அதற்கு மேலே இருந்த ஆறு முழுவதும் சால்மனுக்கு இல்லாமல் போயிற்று. ஐடஹோவுக்குப் போகிற மீன் இன்று கொலம்பியாவில் நாலு, ஸ்நேக் ஆற்றில் நாலு என்று எட்டு அணைகளைத் தாண்ட வேண்டும். அதன் குஞ்சு அதே எட்டையும் தாண்டிக் கடலுக்கு இறங்க வேண்டும்.

1991-ல் ஸ்நேக் ஆற்று சாக்கை சால்மன் அழியும் உயிரினப் பட்டியலில் ஏறியது. மறு வருஷம் ஐடஹோவின் ரெட்ஃபிஷ் ஏரிக்கு ஒரே ஒரு சாக்கை திரும்பி வந்தது. ஆண் மீன். 'தனிமை லாரி' என்று அதற்குப் பேர் வைத்தார்கள். இன்றைக்கு இந்த ஆற்றுப் படுகையில் 13 சால்மன், ஸ்டீல்ஹெட் கூட்டங்கள் அந்தச் சட்டத்தின் காவலில் இருக்கின்றன.

அப்படியானால் மீன் பிடிப்பதையே நிறுத்திவிடலாமே என்று தோன்றும். நம் ஊரில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளைக் கட்டிப் போடுகிறோம், 61 நாள். கடல் மூச்சு விடுகிறது. இங்கே அந்த வழி செல்லாது. ஏன் என்பதற்கு விடை மீனின் முதுகில் இருக்கிறது.

அணைகளால் போன மீனுக்கு ஈடாக அரசாங்கம் பொரிப்பகங்களில் கோடிக்கணக்கில் குஞ்சு வளர்த்து ஆற்றில் விடுகிறது. விடுவதற்கு முன் அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு முதுகில் வால் பக்கமாக இருக்கும் சின்னக் கொழுப்புத் துடுப்பை வெட்டிவிடுவார்கள். துடுப்பு இல்லாவிட்டால் பொரிப்பக மீன். துடுப்பு இருந்தால் பெரும்பாலும் காட்டு மீன். வசந்த கால சினூக்கில் துடுப்பு வெட்டியதை வைத்துக்கொள்ளலாம், வெட்டாததைத் திருப்பி விட வேண்டும். ஆனால் இரண்டும் ஒரே நாளில், ஒரே தண்ணீரில், தோளோடு தோள் உரசிக்கொண்டு வருகின்றன. தடைக்காலம் போட்டால் இரண்டுக்கும் சேர்த்துத்தான் போட வேண்டும். அப்படிப் போட்டால் பொரிப்பக மீன் அத்தனையும் மேலே போய்க் காட்டு மீனோடு கலந்து முட்டையிடும். அது காட்டு இனத்தைப் பலவீனமாக்கும் என்று உயிரியல்காரர்கள் கவலைப்படுகிறார்கள். பிடித்தாலும் வம்பு, பிடிக்காவிட்டாலும் வம்பு.

இதற்கு அவர்கள் கண்டுபிடித்திருக்கும் கணக்குமுறைதான் என்னை இழுத்தது. நாம் சாதாரணமாக என்ன நினைப்போம்? இத்தனை டன் பிடிக்கலாம் என்று வரம்பு இருக்கும் என்றுதானே? இங்கே வரம்பு பிடித்த மீனுக்கு அல்ல, சாகும் காட்டு மீனுக்கு. வலையில் சிக்கிய காட்டு மீனை உயிரோடு விட்டாலும் கொஞ்சம் பிறகு செத்துப்போகும். எந்த வலைக்கு, எந்தத் தூண்டிலுக்கு எவ்வளவு சாகும் என்று தனித்தனி விகிதம் வைத்திருக்கிறார்கள். விட்ட மீனின் எண்ணிக்கையை அதனால் பெருக்கிப் பற்று எழுதுவார்கள். உதாரணம், இலையுதிர் காலத்தில் ஐடஹோவுக்குப் போகும் 78 செ.மீ.க்கு மேற்பட்ட பெரிய ஸ்டீல்ஹெட். காட்டு வகையில் அதற்குப் பழங்குடியல்லாத மீன்பிடி எல்லாவற்றுக்கும் சேர்த்து 2 சதவீதம்தான் அனுமதி. அந்த இரண்டை வலைக்காரரும் தூண்டில்காரரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். இருப்பு தீர்ந்தால் மீன்பிடி மூடப்படும், ஆறு நிறையச் சினூக் போய்க்கொண்டிருந்தாலும்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். (மகள் வீடு வான்கூவரில். கனடாவில் இருப்பது அல்ல, ஆற்றின் வடகரையில் இருக்கிற நம் வான்கூவர்.) ஃபின்லாந்திலிருந்து வந்து அஸ்டோரியாவில் குடியேறிய தாத்தா, அப்பா, இவர் என்று மூன்று தலைமுறையாகச் செவுள்வலை போட்டவர்கள். சாயங்கால நடையில் பழக்கம். அவர் சொன்னது மனதில் நிற்கிறது.

"ஸ்டீல்ஹெட்டை நான் விற்கக்கூடாது. பொரிப்பக மீனாக இருந்தாலும் கூடாது. 1975-லிருந்து அப்படித்தான். அதில் எனக்குக் காலணா வருமானம் இல்லை. ஆனால் என் சீசனை மூடுவது அதுதான்."

அவர் வலையில் கண்ணியைப் பெரிதாக்கினார். சின்ன ஸ்டீல்ஹெட் நழுவிப் போகும். பெரியது நழுவாதே! வசந்த காலத்துக்கு, செவுளில் மாட்டாமல் வாயில் மாட்டும் சின்னக் கண்ணி வலை வாங்கினார். படகில் தண்ணீர் ஓடும் பெட்டி வைத்தார். களைத்த மீனை அதில் போட்டுத் தெளிய வைத்து விட வேண்டும். வலை தண்ணீரில் கிடக்கும் நேரத்துக்கும் கெடு. இவ்வளவும் செய்து, ஒரு வருஷம் கிடைத்தது சில இரவுகள். கடைசியில் வாஷிங்டன் மாநிலம் லைசன்ஸைத் திரும்ப வாங்கும் திட்டம் கொண்டுவந்தபோது கொடுத்துவிட்டார். மகன் லாரி ஓட்டுகிறார்.

2012-ல் ஓரிகனில் செவுள்வலையை அடியோடு தடை செய்ய ஓட்டெடுப்பு வந்தது, மக்கள் நிராகரித்தார்கள். ஆனாலும் அடுத்த வருஷமே இரண்டு மாநிலங்களும் வலைக்காரர்களைப் பெரிய ஆற்றிலிருந்து ஒதுக்கி, அஸ்டோரியாவின் யங்ஸ் பே போன்ற ஓரக் கழிகளுக்கு அனுப்பும் திட்டத்தில் இறங்கின. அங்கே பொரிப்பகக் குஞ்சைக் கூண்டில் வளர்த்து விட்டால் அது அதே கழிக்குத் திரும்பி வரும். காட்டு மீன் அதிகம் கலக்காது. நல்ல யோசனை, தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் வலைக்காரர் விட்டுக்கொடுத்த சாவுப் பங்கு என்ன ஆயிற்று? அதில் பெரும்பகுதி தூண்டில்காரர்களின் கணக்குக்குப் போயிற்று. காட்டு மீனுக்கு வலையில் செத்தால் என்ன, தூண்டிலில் செத்தால் என்ன? தணிக்கைக்காரன் பாஷையில் இது சேமிப்பு இல்லை, பெயர் மாற்றம். தூண்டில்காரர்கள் எண்ணிக்கையில் அதிகம், லைசன்ஸ் கட்டணம் அதிகம், ஓட்டும் அதிகம். வாஷிங்டன் 2019-ல் அந்தத் திட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தியது. சண்டை இன்னும் ஓயவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. பழைய காலத்தில் ஆற்றில் குச்சி நட்டு வலை கட்டிய பொறிகள் இருந்தன. மீனை அள்ளிக் குவிக்கிறது என்று 1934-ல் வாஷிங்டன் மக்கள் ஓட்டுப் போட்டு அவற்றைத் தடை செய்தார்கள். இப்போது கத்லாமெட் பக்கம் அதே பொறியைச் சோதித்துப் பார்க்கிறார்கள். அதில் மீன் மாட்டுவதில்லை, நீந்திக்கொண்டே இருக்கும். துடுப்பைப் பார்த்து வேண்டாததை உயிரோடு விடலாம். எனக்கென்னவோ அந்தப் பெரியவரின் லைசன்ஸை வாங்கிய பணத்தில் இப்படி ஒரு பொறியை அவர் கையிலேயே கொடுத்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

பழங்குடிகளைச் சொல்லாமல் முடியாது. 1855 உடன்படிக்கையில் நிலத்தைக் கொடுத்தார்கள், மீன்பிடி உரிமையைக் கொடுக்கவில்லை. அவர்களுக்கு நியாயமான பங்கு உண்டு என்று 1969-ல் நீதிமன்றம் சொன்னது. 1974-ல் நீதிபதி போல்ட் வாஷிங்டன் வழக்கில் அதைச் சரிபாதி என்றார். ஆனால் அவர்கள் காலங்காலமாக மீன் பிடித்த செலைலோ அருவி 1957-லேயே டாலஸ் அணைத் தண்ணீரில் மூழ்கிவிட்டது. அணையும் மின்சாரமும் கொன்ற மீனுக்கு யாரும் இரவு நேரத்தில் சீசனை மூடுவதில்லை என்று பெரியவர் முணுமுணுப்பார். அதில் பாதி நியாயம் இருக்கிறது. அணையிலும் வேனிலில் குஞ்சுகளுக்காகத் தண்ணீரைத் திறந்துவிடுகிறார்கள், நீதிமன்றம் சொல்லித்தான்.

நமக்கு இது புதுக் கதையும் அல்ல. கடலிலிருந்து காவிரியில் ஏறிய உள்ளம் மீனைக் கொள்ளிடத்தில் கீழணை மறித்தது, 1836-ல். 1934-ல் மேட்டூர் வந்தது. அதற்காக யாரும் வழக்குப் போட்டதாக என் காதில் விழுந்ததில்லை. பானவிலுக்கு ஜூனில் போனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உள்ளத்தின் தூரத்துச் சொந்தமான ஷாட் லட்சக்கணக்கில் போகும். இந்த ஆற்றுக்குச் சொந்தமில்லாத, கிழக்குக் கரையிலிருந்து வந்த மீன். 2019-ல் எழுபது லட்சத்தைத் தாண்டியது.

சால்மன் பார்க்க வேண்டுமென்றால் செப்டம்பரில் போங்கள். திரும்பும்போது காஸ்கேட் லாக்ஸ் பாலத்தடியில் பழங்குடி மீனவர்கள் விற்பார்கள். ஐஸ் பெட்டியும் ரொக்கமும் கொண்டு போங்கள். ஸ்டீல்ஹெட் இருந்தாலும் இருக்கும், அவர்கள் விற்கலாம். நான் போன தடவை சினூக் வாங்கினேன். மகள் புளி கொஞ்சம் தூக்கலாகப் போட்டுவிட்டாள்.