காப்பி கிளப்பின் சரித்திரம்

ஸ்பெயின் தேசத்தின் தலைநகராகிய மாட்ரிட்டில் ‘போதீன்’ என்னும் போஜனசாலை 1725-ஆம் வருஷத்தில் ஏற்பட்டது. அன்று அமைத்த விறகு அடுப்பில்தான் இன்றும் சமையல். அதை நடத்தும் குடும்பத்தார் தங்கள் கடையின் வரலாற்றைப் பொக்கிஷம்போல் காத்து வருகிறார்கள்.

நம் காவிரிக் கரையிலும் இத்தகைய கடைகள் உண்டு. கும்பகோணத்தில், கும்பேசுவரர் கோயிலடியில் அம்பாள் பெயரோடு விளங்கும் மங்களாம்பிகா விலாஸ் நூறாண்டு கண்டது. இவ்வூர்க் கிளப்புகளே ‘டிகிரி காப்பி’யைப் பிரசித்தப்படுத்தின. ஆனால் அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் இரண்டு கட்சி! பால்மானியில் ‘டிகிரி’ பார்த்து வாங்கிய கலப்பற்ற பால் என்பார் ஒருவர். ‘சிக்கரி’ என்ற சொல்லின் சிதைவு என்பார் மற்றொருவர். தஞ்சை அரண்மனைச் சமையலுக்குச் சரஸ்வதி மகாலில் சுவடி இருக்கிறது; காப்பிக் கடையின் பால்கணக்கை யார் பேணினார்கள்?

பேணுவதென்றால் முழுவதையும் பேண வேண்டும். பித்தளை டவராவை மட்டும் கண்ணாடிப் பெட்டியில் வைத்து என்ன பயன்? அந்நாளில் கிளப்புகள் பலவற்றில் ‘பிராமணாளுக்கு மட்டும்’ என்ற பலகையும் தொங்கியது. தென்னிந்திய ரயில்வேயின் சிற்றுண்டிச் சாலைகளிலேயே அந்தப் பிரிவினை 1941-இல்தான் ஒழிந்தது.

சென்ற கோடை விடுமுறையில், வீட்டுப் பெரியவர்களிடம் பழைய கடைகளைப் பற்றிக் கேட்டு எழுதிவருமாறு மாணவர்களிடம் சொல்லியிருந்தோம். நடவு வேலை செய்தே தொண்ணூறு வயதை எட்டிய பாட்டனார் ஒருவர் பேரனிடம் சொன்னது இது: “காப்பி குடிச்சிருக்கேன். கொல்லைப் பக்கம் நின்னு, கொட்டாங்கச்சியில. உள்ளே எத்தனை மேஜைன்னு தெரியாதுப்பா.”

பையன் அப்படியே எழுதி வந்திருந்தான். நாம் ஓர் எழுத்தையும் திருத்தவில்லை.