ஜார்ஜ் வாக்கருக்குக் கிடைக்காத கச்சேரிகள்

ஜார்ஜ் வாக்கர் என்ற அமெரிக்கப் பியானோ கலைஞரைப் பற்றி எதைப் படித்தாலும் ‘முதல் கறுப்பர்’ என்ற அடைமொழி திரும்பத் திரும்ப வரும். கர்டிஸ் இசைக் கல்விக்கூடத்தில் பட்டம் பெற்ற முதல் கறுப்பர், 1945. ஃபிலடெல்ஃபியா ஆர்கெஸ்ட்ராவுடன் தனிக்கலைஞராக வாசித்த முதல் கறுப்பின வாத்தியக்காரர், அதே வருடம். ஈஸ்ட்மன் இசைப்பள்ளியில் முனைவர் பட்டம் வாங்கிய முதல் கறுப்பர், 1956. இசையமைப்புக்காகப் புலிட்சர் பரிசு பெற்ற முதல் கறுப்பர், 1996.

நம் ஊரில் இதை ஃபிளக்ஸ் அடித்து முச்சந்தியில் கட்டியிருப்பார்கள். கல்லூரி விடுதிகளில் பிள்ளைகளோடு வேலை செய்கிறவள் நான். ‘முதல் தலைமுறைப் பட்டதாரி’ என்ற சொல்லை ஒரு நாளைக்குப் பத்து முறையாவது எழுதுகிறேன், படிவத்தில், பரிந்துரைக் கடிதத்தில். அதனாலேயோ என்னவோ, இந்தப் பட்டியலைப் பார்த்ததும் எனக்குப் பெருமிதம் வரவில்லை. கணக்குத்தான் போடத் தோன்றியது. 1945இல் இரண்டு ‘முதல்’ வாங்கிய மனிதனுக்கு அடுத்தது கிடைக்கப் பதினொரு வருடம். அதுவும் பியானோ மேடையில் கிடைத்ததில்லை, படிப்பில் கிடைத்தது. இருபத்து மூன்று வயதில் அமெரிக்காவின் மிகச் சிறந்த ஆர்கெஸ்ட்ராக்களில் ஒன்றோடு வாசித்தவருக்கு நடுவில் என்ன ஆயிற்று?

(ஆர்கெஸ்ட்ரா என்றதும் திருவிழாவில் சினிமாப் பாட்டுப் பாடும் குழுவை நினைக்க வேண்டாம். நூறு பேர் வரை சேர்ந்து வாசிக்கும் நிரந்தர இசைக்குழு. எனக்கும் இந்த இசையில் பயிற்சி ஒன்றும் கிடையாது. வயலின்கள் கூட்டமாக எழும்பினால் எனக்கு ராஜா சார்தான் ஞாபகம் வருவார்.)

வாக்கர் 1922இல் வாஷிங்டனில் பிறந்தார். அப்பா ஜமைக்காவிலிருந்து வந்து மருத்துவம் படித்த டாக்டர். வீட்டில் பியானோ இருந்தது, ஐந்து வயதிலேயே பாடம் தொடங்கியது. அதே வீட்டில் அம்மாவைப் பெற்ற பாட்டி மால்வினா கிங்கும் இருந்தார். அவர் அடிமையாகப் பிறந்தவர். அவருடைய முதல் கணவரை ஏலத்தில் விற்றுவிட்டார்கள். ஒரு அறையில் பேரன் பியானோ படிக்கிறான், அடுத்த அறையில் புருஷனை ஏலத்தில் பறிகொடுத்த பாட்டி உட்கார்ந்திருக்கிறார். இதைப் படித்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டேன். நம்மில் பலருக்கும் இந்த வீடு தெரியும். படித்த பிள்ளையும் கொத்தடிமையாக இருந்த தாத்தாவும் ஒரே கூரையின் கீழ்.

பதினான்கு வயதில் ஓபர்லின் கல்லூரி. பதினெட்டில் பட்டம். பிறகு ஃபிலடெல்ஃபியாவில் கர்டிஸ். அங்கே கட்டணம் கிடையாது. வாசித்துக் காட்ட வேண்டும், பிடித்தால் எடுத்துக்கொள்வார்கள். ‘மெரிட்’ என்று நம்மிடம் நீட்டி முழக்குகிறார்களே, அதன் சுத்தமான வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம். வாக்கர் உள்ளே போனார். அந்தக் காலத்தின் பெரும் பியானோ மேதைகளில் ஒருவரான ருடால்ஃப் செர்கினிடம் படித்தார். பியானோ, இசையமைப்பு இரண்டிலும் பட்டயம் வாங்கினார். 1945 நவம்பரில் நியூயார்க் டவுன் ஹாலில் அறிமுகக் கச்சேரி. அடுத்த சில வாரங்களில் ஃபிலடெல்ஃபியா ஆர்கெஸ்ட்ராவுடன் ராக்மானினோவின் மூன்றாம் பியானோ கான்செர்ட்டோ. விரல்களுக்கு அதைவிடக் கடினமான படைப்புகள் அதிகம் இல்லை என்பார்கள். விமர்சனங்கள் நன்றாகவே வந்தன.

பிறகு தொலைபேசி மணி அடிக்கவில்லை.

இந்த இடத்தில்தான் தோழர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பியானோ கலைஞரின் வாழ்க்கை ஒரு கச்சேரியில் இல்லை, அடுத்த கச்சேரியில் இருக்கிறது. ஒரே கான்செர்ட்டோவை முப்பது ஊரில் வாசித்தால்தான் அது கைக்குள் வரும், பெயரும் பரவும். அந்த முப்பது ஊரை ஏற்பாடு செய்பவர் கலைஞர் அல்ல, ஏஜென்சி. அன்று அமெரிக்காவில் அந்தத் தொழில் பெரும்பாலும் நியூயார்க்கின் இரண்டு பெரிய நிறுவனங்கள் கையில் இருந்தது. சிறு நகரங்களில் ஊர்ப் பெரிய மனிதர்கள் ஒரு சங்கம் அமைத்து வருடச் சந்தா வசூலிப்பார்கள். ஏஜென்சி ஒரு பட்டியல் அனுப்பும். கமிட்டி உட்கார்ந்து இந்த வருடம் ஒரு பாடகி, ஒரு வயலின்காரர், ஒரு பியானோக்காரர் என்று குறி போட்டு அனுப்பும்.

டவுன் ஹால் வெற்றிக்குப் பிறகு ஒரு பெரிய ஏஜென்சி வாக்கரைச் சேர்த்துக்கொள்ள 1950 வரை ஆனது. சேர்த்த பிறகும் கச்சேரிகள் சொற்பம். அந்தக் கமிட்டிகளில் யாரும் ‘கறுப்பர் வேண்டாம்’ என்று தீர்மானம் போட வேண்டிய அவசியமே இல்லை. பட்டியலில் பக்கத்துப் பெயருக்குக் குறி போட்டால் போதும். தொடர் கச்சேரிகள் இல்லாமல் அந்த முதல் வெற்றிகளுக்கு அர்த்தமே இல்லாமல் போனது என்றும், கறுப்பர் என்பதால் பெரிய ஊர், சின்ன ஊர் எதிலுமே வாய்ப்பு வரவில்லை என்றும் பல வருடம் கழித்து வாக்கரே வெளிப்படையாகச் சொன்னார். 1954இல் ஐரோப்பாவில் சுற்றுப்பயணம் போனார். அங்கே வரவேற்பு இருந்தது. வயிற்றுப்புண் படுத்திய அந்தக் காலத்தோடு மேடை வாழ்க்கை மெல்ல ஒடுங்கி, கல்லூரி வேலை முன்னுக்கு வந்தது.

எனக்கு இது புதிய கதையாகப் படவில்லை. சமூகவியலில் முதுகலை முடித்து இரண்டு வருடம் வேலைக்கு அலைந்தபோது எந்த நேர்காணலிலும் யாரும் என் சாதியைக் கேட்கவில்லை. ஊர் எது, ஊருக்குள்ளேயா, கொஞ்சம் தள்ளியா, அப்பாவுக்கு என்ன வேலை, இதெல்லாம்தான் கேட்டார்கள். சிரித்த முகத்தோடு, “சொல்லி அனுப்புறோம்மா” என்றார்கள். ஒரு இடத்தில் டீகூடக் கொடுத்தார்கள்.

‘ஏன், அன்றைக்கே மரியன் ஆண்டர்சன் இருந்தாரே, பால் ராப்சன் இருந்தாரே’ என்று கேட்கலாம். இருந்தார்கள். ஆனால் அவர்கள் பாடகர்கள். ஆண்டர்சனுக்கே 1939இல் வாஷிங்டனின் கான்ஸ்டிட்யூஷன் ஹாலைத் தர மறுத்தார்கள். அவர் லிங்கன் நினைவிடத்தின் படிகளில் நின்று சுமார் 75,000 பேருக்கு முன்னால் பாடினார். இருந்தும் கறுப்பரின் குரலை ஏற்றுக்கொள்ள வெள்ளைச் சமூகத்திடம் ஒரு சாக்கு இருந்தது: அது இயற்கையின் கொடை, ரத்தத்தில் வருவது. பியானோ அப்படி இல்லை. பேத்தோவனையும் ஷோபனையும் ஒரு கறுப்பர் மனப்பாடமாக வாசித்தால் அவர் யோசிக்கிறார், படித்திருக்கிறார், இந்த மரபுக்கு எனக்கும் உரிமை உண்டு என்று சொல்கிறார் என்றுதானே அர்த்தம்? உழைப்பாளிக்கு உடம்பு உண்டு, பாட்டு உண்டு, ஆட்டம் உண்டு. மூளை மட்டும் இன்னொருவருடையது. இந்த விதி எந்த நாட்டில் எழுதப்பட்டது என்று நம்மிடம் கேட்டால் நாமும் ஒரு பதில் சொல்வோம்.

வாக்கருக்கு முன்னாலும் ஆள் இருந்தது. ஹேசல் ஹாரிசன் என்ற கறுப்பினப் பெண் 1904இலேயே பெர்லின் ஃபில்ஹார்மானிக்குடன் வாசித்திருக்கிறார். தாயகத்தில் அவருக்கு ஒழுங்கான மேடை அமையவில்லை. கறுப்பர்களுக்கான கல்லூரிகளில் பாடம் நடத்தியே காலத்தைக் கழித்தார். நாற்பது வருடம் கழித்து வாக்கரை ‘முதல்’ என்று எழுத முடிந்ததே அதனால்தான்.

கர்டிஸின் கதையில் இன்னொரு பெயரும் உண்டு. 1951இல் யூனிஸ் வேமன் என்ற பதினெட்டு வயதுப் பெண் அங்கே பியானோ வாசித்துக் காட்டினாள். சிறு நகரமான ட்ரயானில் கறுப்பரும் வெள்ளையருமாக ஊரே நிதி சேர்த்துப் படிக்க வைத்த பிள்ளை. விண்ணப்பித்தவர்கள் 72 பேர், எடுத்தது 3 பேர். அவளை எடுக்கவில்லை. கறுப்பி என்பதால்தான் என்று கடைசி வரை நம்பினாள். நிறம் காரணமே இல்லை என்று கர்டிஸைச் சேர்ந்த பியானோ ஆசிரியர் ஒருவர் பின்னாளில் சொன்னார். ஆறு வருடத்துக்கு முன் ஒரு கறுப்பருக்குப் பட்டயம் கொடுத்த இடம் எப்படிப் பாகுபாடு காட்டும் என்று வாதாடுவதும் எளிது. பாருங்கள், வாக்கரின் ‘முதல்’ என்ற பட்டம் வாக்கருக்குக் கச்சேரி வாங்கித் தரவில்லை, நிறுவனத்துக்கு நற்சான்றிதழ் வாங்கித் தந்தது. அந்தப் பெண் மதுக்கூடத்தில் பியானோ வாசிக்கப் போய், அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று பெயரை மாற்றிக்கொண்டாள். உலகம் அறிந்த நீனா சிமோன் அவள்தான். 2003இல் கர்டிஸ் அவருக்குக் கௌரவப் பட்டயம் அறிவித்தது. இரண்டு நாளில் இறந்துபோனார்.

இந்தக் கதையை விடுதியில் சொன்னபோது ஒரு தங்கை கேட்டாள்: “அதனாலதான் எடுக்கலைன்னு எப்படிக்கா நிரூபிக்கிறது?” சரியான கேள்வி. ஒருத்தியை வைத்து நிரூபிக்க முடியாது. அதற்குத்தான் நியூயார்க் ஃபில்ஹார்மானிக் வழக்கைப் படியுங்கள் என்கிறேன். அந்த இசைக்குழுவில் முதல் கறுப்பின உறுப்பினர் சேர்ந்தது 1962இல். அதற்குப் பிறகும் நிலைமை மாறாததால் இரண்டு கறுப்பினக் கலைஞர்கள் 1969இல் நகர மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுத்தார்கள். நிரந்தர வேலைக்கு அவர்களைத் தேர்ந்தெடுக்காததில் பாகுபாடு இல்லை என்று ஆணையம் சொன்னது. ஆனால் ஆள் குறையும்போது தற்காலிகமாகக் கூப்பிடுகிறார்களே, அந்த அழைப்புகளில் பாகுபாடு இருக்கிறது என்றும் அதே ஆணையம் சொன்னது. விளம்பரம் இல்லாத, தேர்வு இல்லாத, தெரிந்தவருக்குத் தெரிந்தவர் வழியாகப் போகும் அழைப்புகள். தங்கைக்கு என் பதில் இதுதான்: தேர்வு நடக்கும் இடத்தை மட்டும் பார்க்காதே, தேர்வே இல்லாமல் கூப்பிடும் இடத்தில் தலைகளை எண்ணு. பிற்காலத்தில் ஆர்கெஸ்ட்ராக்கள் வாசிப்பவரின் முகம் தெரியாமல் திரை கட்டித் தேர்வு நடத்தத் தொடங்கின. தனிக்கலைஞருக்கு அந்தத் திரையும் கிடையாது. அவரைப் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள், அல்லது அழைக்க மாட்டார்கள்.

வாக்கர் மேடை குறைந்ததோடு ஓய்ந்துவிடவில்லை. பாரிஸில் நாடியா பூலான்ஷேவிடம் படித்தார், 1969 முதல் 1992 வரை ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார், எழுதிக்கொண்டே இருந்தார். பாட்டி இறந்த துக்கத்தில் 1946இல் எழுதிய ‘லிரிக் ஃபார் ஸ்ட்ரிங்ஸ்’தான் அவருடைய படைப்புகளில் அதிகம் வாசிக்கப்படுவது. (அதே 1946இல்தான் பாபாசாகேப் அமெரிக்காவின் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பர்கள் ஐ.நா.வுக்கு அனுப்பிய மனுவின் பிரதி கேட்டார். இணையத்தில் கிடைக்கிறது, வாசியுங்கள்.) பாஸ்டன் சிம்பொனி கேட்டு எழுதிய ‘லைலக்ஸ்’ படைப்புக்குப் புலிட்சர் கிடைத்தபோது அவருக்கு 73 வயது. செய்தித்தாள்கள் கொண்டாடின. அதற்குப் பிறகு தன் இசையை வாசிக்க ஆர்கெஸ்ட்ராக்கள் தேடி வரவில்லை என்று அவர் சொன்னதைத்தான் நான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன்.

தங்கை ஃபிரான்சிஸ் வாக்கரும் பியானோ கலைஞர்தான். சிறுவயதில் தீக்காயத்தில் ஒரு கை பாதிக்கப்பட்டது. அந்தக் கையோடுதான் வாசித்தார். ஓபர்லின் இசைப்பள்ளியில் பணி நிரந்தரம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். மறுபடியும் ‘முதல்’! அண்ணனும் தங்கையும் 2018இல் சில மாதங்கள் இடைவெளியில் இறந்தார்கள். தங்கையைப் பற்றித் தனியாகவே ஒரு பதிவு எழுத வேண்டும்.

அதுவரை வாக்கரைக் கேளுங்கள். எல்லோரும் ‘லிரிக்’கைத்தான் முதலில் காட்டுவார்கள், ஆறேழு நிமிடம், காதுக்கு இதமானது. நான் பியானோ சொனாட்டாக்களைச் சொல்வேன். மொத்தம் ஐந்து, முதலாவது 1953, கடைசி 2003. முதல் தடவை எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மூன்றாவது தடவை, இரவு பஸ்ஸில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டபோது கொஞ்சம் வழி தெரிந்தது. அவரே வாசித்த பதிவுகளும் இருக்கின்றன. வேறு யாரும் வாசித்ததைக் கேட்பதற்கு முன் அவற்றைத் தேடுங்கள்.