ஊர் ஒன்றுபட்ட பிறகு

ஊர் ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்னு சொல்வாங்க. ஊர் ஒன்றுபட்டுவிட்டால் கூத்தாடி கதி என்ன? அதற்குப் பழமொழி எதுவும் நான் கேட்டதில்லை. பனிப்போர் முடிந்த கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் வரும். பெர்லின் சுவர் இடிந்தது, சோவியத் யூனியன் கலைந்தது, அமெரிக்கா ஜெயித்தது என்று முடித்துவிடுகிறோம். நடுவில் நின்று இரண்டு பேரிடமும் பேரம் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு என்ன ஆனது?

அந்தப் பேரத்துக்கு பொகாரோ உருக்காலை நல்ல உதாரணம். அரசாங்கம் நடத்தப்போகிற ஆலைக்கு நாம் ஏன் பணம் தரணும் என்று 1960களில் அமெரிக்க காங்கிரஸ் முரண்டு பிடித்தது. இந்தியா கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. சோவியத் யூனியன் வந்து கட்டிக்கொடுத்தது.

கிரையோஜெனிக் இன்ஜின் விஷயத்திலும் இஸ்ரோ அதே வழியில்தான் போனது. மைனஸ் 253 டிகிரியில் இருக்கும் திரவ ஹைட்ரஜனையும் மைனஸ் 183 டிகிரியில் இருக்கும் திரவ ஆக்சிஜனையும் சேர்த்து எரிக்கும் இன்ஜின் அது. கனமான செயற்கைக்கோளை மேலே கொண்டுபோக அது வேண்டும். அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்கள் கேட்ட விலை நமக்குக் கட்டுப்படியாகவில்லை. 1991 ஜனவரியில் சோவியத்தின் கிளாவ்காஸ்மாஸுடன் ஒப்பந்தம் ஆனது. இன்ஜினும் வரும், அதைச் செய்யும் வித்தையும் வரும் என்பது பேச்சு. அந்த வருஷம் முடிவதற்குள் சோவியத் யூனியன் என்ற நாடே இல்லாமல் போனது.

1992 மே மாதம் மூத்த புஷ்ஷின் அரசு இஸ்ரோ மீதும் கிளாவ்காஸ்மாஸ் மீதும் இரண்டு வருஷத் தடை போட்டது. ஏவுகணைத் தொழில்நுட்பம் பரவிவிடும் என்பது சொன்ன காரணம். நிரப்பிவைத்தால் எரிபொருள் ஆவியாகிக்கொண்டே இருக்கும் இன்ஜினை எந்த ராணுவம் ஏவுகணையில் வைத்துக் காத்திருக்கும்? ஆனாலும் 1993 ஜூலையில் கிளிண்டன் காலத்தில் ரஷ்யா பணிந்தது. ராக்கெட் ஏவும் சந்தையில் அதற்கு இடம் கிடைத்தது, பின்னால் விண்வெளி நிலையத்தில் பங்கும் கிடைத்தது. நமக்கு மிஞ்சியது செய்து முடித்த 7 ராக்கெட் நிலைகள். வித்தை வரவில்லை.

அமெரிக்காவின் பயம் முழுக்கப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். சம்பளம் கிடைக்காத சோவியத் விஞ்ஞானிகள், காவல் தளர்ந்த கிடங்குகள், இதையெல்லாம் நினைத்து யாரும் பயப்படத்தான் செய்வார்கள். ஆனால் எதிரி இருந்தவரை அமெரிக்கா "வேண்டாம்" என்றால் அது ஒரு தரப்பின் கருத்து. எதிரி போனபின் அதே "வேண்டாம்" உலகத்துக்கே சட்டம் மாதிரி ஆகிவிட்டது. எங்கே போய் முறையிடுவது?

2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கியதும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே அமர்க்களம். காரணம் இருந்தது. நிலவின் மேட்டுநிலப் பாறையும் நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலை பக்கத்து அனார்த்தோசைட் பாறையும் ஒரே ஜாதி. லேண்டரையும் ரோவரையும் சோதிக்க இஸ்ரோவுக்கு டன் கணக்கில் நிலா மண் வேண்டியிருந்தது. அமெரிக்காவிடம் வாங்கினால் செலவு தாங்காது என்று நம்ம ஊர்ப் பாறையை இடித்துப் பொடியாக்கி பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள். சந்திரயான்-2ஐத் தூக்கிய ராக்கெட்டின் கிரையோஜெனிக் இன்ஜினுக்கு சேலம் உருக்காலை தகடு உருட்டிக்கொடுத்திருந்தது. அந்த எஃகு ரகமே ரஷ்ய ரகம்தான்.

"தடை போட்டதும் நல்லதுக்குத்தான், இல்லைன்னா நாம சொந்தமா செஞ்சிருப்போமா" என்று குழுவில் ஒரு ஃபார்வர்டு வந்தது. உருக்காலையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற எங்க மாமா மட்டும் அதற்குக் கை தட்டவில்லை. போன் போட்டேன்.

"ஏனுங் மாமா, நீங்க ஒண்ணுமே சொல்லலீங்களே?"

"கண்ணு, 92ல முப்பது வயசுல வேலைக்கு நின்னவன் ஜெயிச்சப்போ அம்பது வயசத் தாண்டியிருப்பான். அவனப் போயி நல்லதுக்குத்தான்னு சொல்லச் சொல்லு பாக்கலாம்."

கணக்குப் பார்த்தேன். நாமே செய்த கிரையோஜெனிக் நிலை முதன்முதலில் பறந்தது 2010 ஏப்ரலில், தோற்றது. ஜெயித்தது 2014 ஜனவரி 5. தடையிலிருந்து கிட்டத்தட்ட 22 வருஷம். திருநெல்வேலிப் பக்கம் மகேந்திரகிரியில் இன்ஜினைச் சோதித்துச் சோதித்துத் தலை நரைத்தவர்களின் வருஷங்கள் அவை. கடைசியில் ஜெயித்தோம் என்பதற்காக நம்மைத் தடுத்தவனுக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை. அது அவர்கள் உழைப்பைக் கொண்டுபோய் அமெரிக்கா கணக்கில் எழுதுவது மாதிரி.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. 1992ல் எந்த விதிகளைக் காட்டி நம்மைத் தடுத்தார்களோ, அந்த ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு அமைப்பில் 2016 ஜூன் முதல் இந்தியாவும் உறுப்பினர். அமெரிக்கா ஆதரித்துத்தான் உள்ளே போனோம். கூத்தாடிக்கும் இப்போது ஊர்க்கூட்டத்தில் ஒரு பாய் போட்டாகிவிட்டது. நாளைக்கு நம்மைவிடச் சின்ன நாடு ஒன்று ராக்கெட் வித்தை கேட்டு வந்து நின்றால், அந்தப் பாயில் உட்கார்ந்தபடி நாம் என்ன சொல்வோம் என்று மாமாவிடம் கேட்டேன்.

"முப்பது வயசுக்காரன் எவனாச்சும் கூட வந்திருக்கானான்னு மொதல்ல பாக்கோணும்" என்றார்.