இனிஷியலும் இருபத்திரண்டாயிரத்து ஐந்நூறும்

சம்பளத்தில் இ.எஸ்.ஐ. என்று பிடிக்கிறார்களே, அது ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் என்று நம்மில் பலருக்கு நினைப்பு. வேலை போனால் கொஞ்சம் காசு தரவும் 2018 ஜூலையில் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். பெயர் 'அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா' (மூச்சு வாங்குகிறதா?). சராசரி தினக்கூலியில் கால் பங்கு, அதிகபட்சம் 90 நாளைக்கு, வாழ்நாளில் ஒரே தடவை.

கொரோனா வந்ததும், 2020 ஆகஸ்டில் கால் பங்கைப் பாதியாக்கினார்கள். 90 நாள் காத்திருப்பு 30 நாளானது. பழைய முதலாளி மூலமாகப் போகாமல் நேராகக் கிளை அலுவலகத்திலேயே கொடுக்கலாம், 15 நாளில் பணம் என்றார்கள். மாதம் 15,000 வாங்கியவருக்கு நாளைக்கு 250 வீதம் 22,500 ரூபாய்.

துவாரகாவில் எங்கள் பக்கத்துத் தெருவில் இருந்த விழுப்புரத்துத் தம்பிக்கு அந்த 15 நாள் நாலு மாதமானது. குர்கானில் பேக்கிங் வேலை. மே மாதம் நிறுத்திவிட்டார்கள். "நீங்க பேங்க்ல இருக்கீங்க, என்னன்னு கொஞ்சம் பாருங்க சார்" என்று காகிதங்களோடு வந்தார். பார்த்தால் இரண்டு முடிச்சு.

ஒன்று, பெயர். நம்ம ஊர் இனிஷியல் வடக்கே படும் பாடு தெரியும்தானே? ஆதாரில் பின்னால், பாஸ்புக்கில் முன்னால், இ.எஸ்.ஐ.யில் அப்பா பெயரே சர்நேம். மூன்றும் ஒரே ஆள் என்று கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளுமா?

இரண்டு, அவரை நிறுத்தியதாகக் கம்பெனி பதிவே செய்யவில்லை. அதாவது காகிதத்தில் அவர் இன்னும் வேலையில் இருக்கிறார். சம்பளம்தான் இல்லை!

ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்கு இந்தப் பணம் கிடையாது. ஆகவே கம்பெனியைக் கேட்டு உறுதிசெய்வது நியாயம்தான். ஆனால் பதில் சொல்லாத கம்பெனிக்கு என்ன நஷ்டம்? வாடகை கேட்பவர் காத்திருப்பவர் வீட்டுக் கதவைத்தானே தட்டுகிறார்.

பணம் ஜனவரியில் வந்தது. அதற்குள் மூன்று வட்டிக்கு 20,000 வாங்கியிருந்தார். நாலு மாத வட்டி 2,400. தாமதத்துக்கு விலை என்ன என்று யாராவது கேட்டால், இந்த ஒரு வீட்டுக் கணக்கை நான் சொல்வேன்.

வேலையில் இருக்கும்போதே மூன்று இடத்திலும் உங்கள் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வேலை போன அன்றே நிறுத்திய தேதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரு மாதம் போனால் அந்தக் கம்பெனியில் உங்கள் போனை எடுக்க ஆள் இருக்காது.